மோரா 120: பொறுக்கி வந்த கட்டைக்கு ஒரு கத்தி

மரம் செதுக்கப் பழக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். காற்றில் முறிந்த கிளை, யாரோ வெட்டிப் போட்ட கவட்டை, தண்ணீர் அடித்து வந்து கரையில் ஒதுக்கிய வேர் என்று கையில் கிடைத்ததைச் செதுக்குகிறவராக இருந்தால் என் பதில்: செட்டே வேண்டாம். ஸ்வீடனில் மோரா என்ற ஊரிலிருந்து வரும் கத்திகளில் 120 என்று எண் போட்டது ஒன்று, இழுக்கும்போது வெட்டுகிற மடக்கு ரம்பம் ஒன்று, தீட்டுவதற்கு ஒரு தோல் பட்டை. இவ்வளவு போதும். இங்கே எழுதப்போவது கத்தியைப் பற்றி. மற்றவை போகிற போக்கில் வரும்.

எனக்குத் தொழில் தையல். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்துக் காய்ப்பேறிய கை, வேலை முடிந்த பிறகுதான் மரத்தைத் தொடும். ஆகவே எந்தக் கருவியானாலும் நான் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே களைத்துப்போன மணிக்கட்டு அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை. இரண்டாவதாகப் பார்ப்பது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது கைக்குச் சொல்கிறதா என்பதை. நேர் நூலில் வெட்டிய துணி ஒரு மாதிரி விழும், கிராஸில் வெட்டியது வேறு மாதிரி விழும். மரத்திலும் நார் ஓடும் திசைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதைக் கண்டுகொள்ளாத கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு உதவாது.

செதுக்குவதற்கென்றே விற்கிற கட்டைகள் பெரும்பாலும் பாஸ்வுட். மிருதுவான மரம், நேராக ஓடும் ரேகை, கணு கிடையாது. பென்சிலால் யானை வரைந்தால் யானை வரும், முயல் வரைந்தால் முயல் வரும். மரம் மறுபேச்சுப் பேசாது. சந்தையில் உள்ள பெரும்பாலான கருவிகளும், அவற்றைப் பற்றிய மதிப்புரைகளும் இந்த மறுபேச்சில்லாத கட்டையை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. பொறுக்கி வந்த கட்டையில் கதை வேறு. ஒரு பக்கம் பட்டை ஒட்டியிருக்கும், நடுவில் கணு, முனையில் வெடிப்பு, உள்ளே எங்கே வைரம், அதாவது நடுவில் இறுகிய கெட்டி மரம், தொடங்குகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உருவத்தை நாம் கொண்டுபோய் அதன்மேல் ஏற்ற முடியாது. வளைவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கழுத்து, கிளை எங்கே பிரிகிறதோ அங்கேதான் கால். கத்திக்குப் பாதி வேலை வெட்டுவது, மீதிப் பாதி விசாரிப்பது.

சரி, கத்திக்கு வருவோம். மோரா நிறுவனம் தன் தொடக்கத்தை 1891 என்று கணக்கு வைக்கிறது. அவர்களுடைய மரச்செதுக்குக் கத்திகளில் 106 நீளமானது, 120 குட்டையானது. 120-இன் அலகு என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. முனையை நோக்கிச் சட்டென்று ஒடுங்கிப் போகிறது. கைப்பிடி பிர்ச் மரம், நடுவில் பருத்து இரண்டு முனையும் சற்று மெலிந்த வடிவம். விரல் வைக்கப் பள்ளம், ரப்பர் பிடி, தடுப்பு என்று எதுவும் கிடையாது. முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான்கு விதமாகத் திருப்பிப் பிடித்துச் செதுக்கிய பிறகுதான் அந்த வெறுமையின் நன்மை தெரியும். விரலுக்குப் பள்ளம் வெட்டிய கைப்பிடி ஒரே பிடிக்குத்தான் சுகம். கிடைத்த கட்டையைச் செதுக்கும்போது பிடி மாறிக்கொண்டே இருக்கும்: ஒரு நேரம் மற்றக் கையின் கட்டைவிரலால் கத்தியின் முதுகைத் தள்ளுவோம், ஒரு நேரம் நம் பக்கமாக இழுப்போம், ஒரு நேரம் தலைகீழாகப் பிடித்து வெளிப்பக்கம் சீவுவோம். உருண்டைக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது.

அலகு மூன்று அடுக்கு. நடுவில் கார்பன் அதிகமுள்ள கடினமான எஃகு, இரண்டு பக்கமும் மென்மையான எஃகு. வெட்டும் விளிம்பு நடு எஃகில் வருகிறது. பக்கத்து எஃகு அது உடையாமல் தாங்குகிறது. விளிம்பை நோக்கி இறங்கும் சரிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் சேரும் இடம் மெல்லிய கோடாகத் தெரியும். தீட்டும்போது கல்லில் உரசும் உலோகத்தில் பெரும்பகுதி மென்மையானது என்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது.

எனக்கு முக்கியம் அந்தச் சரிவுதான். இரண்டு பக்கமும் அகலமான, தட்டையான ஒரே சரிவு விளிம்பு வரை இறங்குகிறது. ஸ்காண்டி என்று சொல்வார்கள். சரிவை மரத்தின்மேல் படிய வைத்துத் தள்ளினால் கத்தி ஆழமாகவும் இறங்காது, வழுக்கி மேலேயும் ஏறாது. கத்தியின் முதுகைக் கொஞ்சம் உயர்த்தினால் ஆழம், தாழ்த்தினால் வெட்டு முடிந்து சீவல் கழன்று விழும். சரிவு மரத்தோடு ஒட்டியே போவதால் நார் திசை மாறுகிற இடம் கையில் உடனே தெரிகிறது. வாட்டத்தோடு, அதாவது நார் ஓடும் போக்கோடு, போகும்போது சீவல் சுருண்டு நீளமாக வரும், சத்தம் சன்னமாக இருக்கும். எதிர் வாட்டத்தில் கால் வைத்ததும் சத்தம் கரகரக்கும், சீவல் துண்டு துண்டாக உடையும், கத்தி உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் தள்ளினால் சிலும்பி எழுந்து, வேண்டிய இடத்திலிருந்தும் ஒரு துண்டு பிளந்துகொண்டு போகும்.

இந்தக் கத்தி எனக்குப் பிடித்துப்போனது ஒரு கொய்யாக் கவட்டையில். கொய்யா நெருக்கமான நார் உள்ள கெட்டியான மரம். சின்ன வேலைப்பாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவட்டையின் ஒரு கிளை தடிமன், இன்னொன்று மெலிந்து ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தடித்த பக்கத்தை உடலாகவும் மெலிந்ததை வாலாகவும் வைத்து ஒரு வாத்து வரும் என்று எண்ணிப் பட்டையை உரிக்கத் தொடங்கினேன். என்னிடம் தையல் பழகும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, அது வால் இல்லை, கழுத்து. கொக்கு தலையைக் குனிஞ்சு நிக்குது பாருங்க" என்றாள். பட்டை உரிந்த பிறகு பார்த்தால் அவள் சொன்னது சரி. மெலிந்த கிளையின் நார்கள் வளைவோடு வளைந்து முனை வரை அறுபடாமல் போயிருந்தன.

அதன் அருமையை நேர்ப்பலகையில் கொக்குக் கழுத்து செதுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பலகையில் வளைவு வெட்டினால் வளைவின் நடுவில் நார் குறுக்கே அறுந்துவிடும்; கை பட்டாலே அந்த இடத்தில் ஒடியும். இயற்கையாக வளைந்த கிளையில் நாரும் வளைவும் ஒன்று. கழுத்தைப் பென்சில் தடிமனுக்குக் கொண்டுவந்தும் அது வளைந்து கொடுக்கிறதே தவிர ஒடியவில்லை. மரப்படகு கட்டுகிறவர்கள் படகின் முட்டுச் சட்டங்களுக்கு வளைந்த மரத்தையும் கவட்டையையும் தேடிப் போனது இதனால்தான். வளைந்த கிளையைப் பார்த்துக் கரண்டி செதுக்குகிறவர்கள் கண் விரிவதும் இதனால்தான்.

கழுத்து நீளத்துக்கும் கத்தி எந்தத் திசையில் போனாலும் வழுவழுவென்று வந்தது. தொல்லை கொடுத்தது இரண்டு கிளைகளும் சேரும் இடம். கவட்டையின் இடுக்கில் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, சுழித்து, அடர்ந்திருக்கும். கிளை முறிந்து விழாமல் தாங்குகிற இடம் அதுதானே! அங்கே வாட்டம் என்று ஒரு திசை கிடையாது. நீளக் கத்தியானால் அலகின் பாதி ஒரு திசை நாரிலும் மீதி எதிர்த் திசை நாரிலும் இருக்கும். ஒன்று சீவும், ஒன்று பிய்க்கும். 120-இல் முனையை ஒட்டிய சின்னப் பகுதியை மட்டும் வைத்து, அரிசி அரிசியாக எடுத்துக்கொண்டே, கட்டையைத் திருப்பித் திருப்பிப் போக முடிந்தது. மணிக்கட்டைத் திருப்பாமல் கட்டையைத் திருப்புவது நல்லது. களைத்த கைக்கும் அதுவே இதம்.

கவட்டை பொறுக்கும்போது கவனிக்க ஒன்று. இடுக்கு வளைந்து அகன்ற வடிவில் இருந்தால் நல்ல கட்டை. இரண்டு கிளைகளும் மிகக் குறுகிய கோணத்தில் ஒட்டி வளர்ந்திருந்தால் நடுவே பட்டை சிக்கிக்கொண்டிருக்கும். வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே இரண்டும் சேரவே இல்லை. செதுக்கிக்கொண்டே போகும்போது இரண்டாகக் கழன்று விழும்.

வேம்பில் இதே கத்தி கொஞ்சம் திணறும். கத்தியின்மேல் குற்றமில்லை. வேம்பின் நார்கள் ஓர் அடுக்கு ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கு எதிர்ப் பக்கமாகவும் சாய்ந்து வளர்கின்றன. சீவினால் ஒரு கீற்று பளபளக்கும், அதை ஒட்டிய கீற்று சிலும்பும். திசையை மாற்றினால் பளபளத்தது சிலும்பும். நான் செய்வது, கத்தியை நேராகத் தள்ளாமல் சாய்த்துப் பிடித்து, தள்ளும்போதே பக்கவாட்டில் நழுவவிட்டு, மெல்லிசாகச் சீவுவது. அப்படியும் அடங்காத இடத்தைச் சுரண்டும் எஃகுத் தகட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். உப்புத்தாள் தேய்த்த மரத்தில் அதன் மணல் துகள் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதே இடத்தில் கத்தி வைத்தால் கூர்மை போய்விடும். கத்தி வேலை முழுக்க முடிந்த பிறகே உப்புத்தாள். கத்தித் தடங்களை அப்படியே விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். கூரான கத்தி சீவிய மேற்பரப்பின் மினுமினுப்பை எந்த உப்புத்தாளும் கொடுத்துவிடாது.

படுக்கையாக நீண்ட கிளைகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எடையைத் தாங்குவதற்காக மரம் அந்தக் கிளையில் ஒரு பக்கத்தை வேறு மாதிரி வளர்க்கும். அகன்ற இலை மரங்களில் மேல்பக்கம், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கீழ்ப்பக்கம். அகன்ற இலை மரத்தில் அந்த மேல்பக்கத்தைச் சீவினால் பஞ்சு பஞ்சாக எழும்பும். கத்தி மழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வரும். மறுபக்கத்தைச் சீவிப் பாருங்கள். அங்கே சுத்தமாக வந்தால் கத்தி நன்றாகத்தான் இருக்கிறது. முகம், கண் மாதிரியான நுணுக்கங்களைப் பஞ்செழும்பாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வெடிப்பைப் பற்றிச் சொல்லாமல் கிடைத்த கட்டையைப் பற்றிப் பேச முடியாது. மரம் காயும்போது சுற்றுவட்டத் திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளி நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு முழு உருண்டையாக இருக்கும் கிளை அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாமல் மையத்தை நோக்கிப் பிளக்கிறது. பச்சைக் கிளையானால் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் வைத்து மெதுவாகக் காயவிடலாம். அல்லது நீளவாக்கில் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிடலாம். ஏற்கெனவே காய்ந்து வெடித்த கட்டையில் வெடிப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, அதற்கேற்ப உருவத்தை அமைக்கலாம். கொக்கின் மூடிய சிறகும் உடலும் பிரிகிற கோடு, கொய்யாக் கட்டையில் ஏற்கெனவே இருந்த வெடிப்புதான். 120-இன் முனையை உள்ளே விட்டு ஓரத்தை மட்டும் மழுக்கினேன். அமெரிக்கத் தச்சர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) மேசைப் பலகைகளின் வெடிப்பை மறைக்காமல், அது மேலும் போகாதபடி பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டுகளைக் குறுக்கே பதித்து, அதையே அழகாக்கிக் காட்டினார். சின்னச் சிற்பத்துக்கு அந்த அளவு வேலை தேவையில்லை, ஆனால் அந்தத் துணிச்சல் தேவை.

கரையில் ஒதுங்கிய கட்டைக்கு மட்டும் இந்தக் கத்தியை நேரடியாகக் கொண்டுபோகாதீர்கள். வெடிப்புகளிலும் முனைகளிலும் மணல் புகுந்திருக்கும். ஓர் இழுப்பில் விளிம்பு மழுங்கும். முதலில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, காயவிட்டு, முனைகளை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிய பிறகு தொடுங்கள். தண்ணீரும் வெயிலும் பாதி வேலையை ஏற்கெனவே செய்துவிட்டதால் இந்தக் கட்டைகளில் கத்திக்கு வேலை குறைவு. மிருதுவான நார் அரிக்கப்பட்டு, கெட்டியானது மேடாக நிற்கும். அந்த மேடு பள்ளத்தைச் சீவி எடுத்துவிட்டால் பிறகு கட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

இனி, செட் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம். மூன்று கத்தி, கையுறை, தோல் பட்டை, பச்சைப் பசை எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற ஒன்றும் என்னிடம் இருக்கிறது. யார் தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை. இந்த வகைப் பெட்டிகள் ஏராளம். நேர்க்கத்தியின் விளிம்பில் இரண்டாவது குட்டிச் சரிவு ஒன்று வைத்திருந்தார்கள். மிருதுவான பாஸ்வுட்டில் அது தெரியாது. கொய்யாவில் சரிவு மரத்தில் படியாமல் கத்தி துள்ளியது. அதோடு வந்த கொக்கிக் கத்தி, அதாவது குழி தோண்டும் வளைந்த அலகு, உள்பக்கம் பிசிறோடு வந்தது. வளைவுக்குள் கல் போகாது. மரக்குச்சியில் உப்புத்தாள் சுற்றி நானே தீட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டியில் உருப்படியானது தோல் பட்டை. கையுறையும் பரவாயில்லை. ஆனால் வெட்டு தாங்கும் கையுறை கீறலைத் தடுக்கும், குத்தைத் தடுக்காது. முனை நேராக வந்தால் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

கொக்கிக் கத்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிண்ணம், கரண்டி மாதிரிக் குழிவான பொருள் செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் கிடைத்த கட்டையில் உருவம் தேடுகிறவர்களுக்கு நேர்க்கத்தியால் முக்கால்வாசி வேலை ஆகிவிடும். மிச்சத்துக்கு ஒரு சின்ன வளைவு உளி போதும், அதையும் தேவை வந்தபிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் சுழலும் சிறு குடையும் கருவியையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டி ஓடக்கூடியவை உண்டு. அதற்கு வாட்டமும் கிடையாது, எதிர் வாட்டமும் கிடையாது. கணுவும் ஒன்றுதான், கழுத்தும் ஒன்றுதான். சிலருக்கு அதுதான் நல்ல குணம். எனக்கு அதுதான் குறை. நார் எங்கே திரும்புகிறது என்று கை அறிவதற்குள் அந்த இடம் தூளாகிவிடுகிறது. மரம் சொல்வதைக் கேட்க வழியில்லாமல் நாம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிற வேலை அது. கணு ஒன்று வைரம் பாய்ந்து கல்லாகிப்போய்க் கத்தி இறங்கவே மறுக்கும்போது நானும் அதை எடுப்பதுண்டு. எடுத்தால் முகமூடி கட்டாயம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-இல் வகைப்படுத்தியது. கத்தி சீவல் போடும், பறக்கும் தூள் கிளப்பாது. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து செதுக்குகிற எனக்கு இதுவே பெரிய காரணம்.

தீட்டுவதைப் பொறுத்தவரை 120 சோம்பேறிக்கும் ஏற்றது. சரிவைக் கல்லில் தட்டையாகப் படியவைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும், கோணம் யோசிக்க வேண்டாம். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் பிசிறு எழும்பியது விரலுக்குத் தெரிந்தால் திருப்பிப் போடலாம். ஆனால் கல்லுக்குப் போகிற தேவையே அடிக்கடி வராது. வேலைக்கு நடுவே அவ்வப்போது பச்சைப் பசை தடவிய தோல் பட்டையில் கத்தியின் முதுகுப் பக்கமாக இழுத்தால் விளிம்பு திரும்பி வந்துவிடும். அந்தப் பச்சை, குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி. கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டையின் அறுத்த முனையைச் சீவிப் பாருங்கள். நாரின் நுனிகளை நசுக்காமல் சுத்தமாக வெட்டினால் சரி.

குறை என்று சொன்னால், கார்பன் எஃகு துருப்பிடிக்கும். பச்சை மரத்தைச் சீவிவிட்டு ஈரத்தோடு உறையில் போட்டால் கறை கட்டாயம். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். தடுப்பு இல்லாத கைப்பிடி என்பதால், குத்துகிற மாதிரி முன்னோக்கி அழுத்தினால் விரல் அலகுக்குப் போகும். இந்தக் கத்தியால் குத்தக் கூடாது, சீவ மட்டுமே வேண்டும். முனை மெல்லியது, நெம்புவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் வேறு கத்தி பார்க்கலாம். பெரிய கட்டையில் மொத்தமாகச் சதை எடுக்க இது ஆகாது, அந்த வேலையை ரம்பமும் கைக்கோடரியும் செய்யட்டும். குட்டைக் கத்திதானே என்று மடியில் வைத்துச் செதுக்காதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் போகிறது. முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, கட்டை முழங்காலுக்கு முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

கட்டை எது என்று தெரியாமல் கத்தி வைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. சதுப்பு நிலத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழைய பெயின்ட் அடித்த மரத்தில் ஈயம் இருக்கலாம். மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டுகிற சின்னத் துளைகள் இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. அந்தக் கட்டை வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். வண்டு விரும்புவது வெளிறிய வெளிமரத்தை. வைரத்தை அவ்வளவாகத் தொடாது.

முடித்த பிறகு நான் பூசுவது ஆளிவிதை எண்ணெய், மேலே கொஞ்சம் தேன்மெழுகு. ரேகை ஆழமாகி எழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடேறி, துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

கொக்கைப் பார்த்துச் சொன்ன பெண் இப்போது இதே கத்தியில்தான் செதுக்குகிறாள். அவள் இடதுகைக்காரி, தையலில் அவளுக்கென்று தனிக் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. 120-க்கு இரண்டு பக்கமும் ஒரே சரிவு என்பதால் அந்தப் பிரச்சினையே வரவில்லை. ஒற்றை விளிம்புக் கொக்கிக் கத்தி வாங்கப் போகிற இடதுகைக்காரர்கள் மட்டும் எந்தக் கைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியோடு வருகிறவை அநேகமாக வலதுகைக்குத்தான்.